கரையில் உட்கார யாரிடம் கேட்க வேண்டும்?

எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் தண்ணீர்க் கரையில் நிற்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. குடத்தோடு நின்றால் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறாள். அழுக்குத் துணியோடு நின்றால் துவைக்க வந்திருக்கிறாள். மண்வெட்டியும் இரும்புச் சட்டியும் வைத்திருந்தால் நூறு நாள் வேலைக்கு வந்திருக்கிறாள். கையில் ஒன்றுமில்லாமல் நின்றால் சாக வந்திருக்கிறாள். ஐந்தாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று விருதுநகர் மாவட்டத்தில் அநேகமாக யாருக்கும் தோன்றுவதில்லை. அவள் சும்மா உட்கார வந்திருக்கலாம். தூண்டில் போட வந்திருக்கலாம்.

அந்த ஐந்தாவது காரணத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. பட்டாசு ஆலைகளில் பெண்கள் கருகிச் சாகிற ஊரில் இருந்துகொண்டு மீன் பிடிப்பதைப் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊரில் இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கும் பெண்ணின் பொழுது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை, அவள் செத்தபிறகு அறிவிக்கப்படும் நிவாரணத் தொகையை வைத்துத் தீர்க்க முடியாது.

சிவகாசியின் பெருமையைச் சொல்கிறவர்கள் 1922இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்றும் வளர்ந்தன. 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாடு வெடிக்கிற பட்டாசில் மிகப் பெரும்பகுதி இன்றும் இங்கிருந்துதான் போகிறது. மழை பொய்த்த கரிசல் பூமி உழைப்பால் நிமிர்ந்தது என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். பொய்யில்லை. 'இது சும்மா இருக்காத ஊர்' என்றும் சொல்வார்கள். அந்த இடத்தில் கைதட்டல் விழும். யாருடைய கைகள் சும்மா இருக்கவில்லை என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் அமுங்கிவிடும்.

சரவெடி பின்னுவது, குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, பெட்டி ஒட்டுவது என்று விரல்கள் ஓயாமல் அசைய வேண்டிய வேலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு நாளைக் கணக்கிட்டுக் கூலி கிடையாது. எண்ணிக்கையை வைத்துத்தான் கூலி. ஆயிரம் குழாய்க்கு இவ்வளவு, ஒரு குரோஸுக்கு இவ்வளவு. 144 என்ற எண்ணைப் பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் கற்காத பெண்ணும் இங்கே குரோஸ் கணக்கில் கற்றிருக்கிறாள். எண்ணிக்கைக் கூலி செய்கிற பெரிய கொடுமை கூலியைக் குறைப்பதோடு முடிவதில்லை. சும்மா இருக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் அது நட்டமாக்கிவிடுகிறது. தண்ணீர் குடிக்க எழுந்தால் இத்தனை குழாய் போச்சு, பிள்ளைக்குத் தலை சீவினால் இத்தனை பெட்டி போச்சு என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. நாற்பது வருடம் இப்படிக் கணக்குப் போட்ட பெண்ணிடம் போய் 'கொஞ்சம் ஓய்வெடுங்கள்' என்றால், அவளுக்கு அது திருடச் சொல்வதுபோல் கேட்கிறது.

ஆண்களுக்கும் இதே ஆலை, இதே எண்ணிக்கைக் கூலிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கண்மாய்க் கரைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வரிசையாக பைக்குகள் நிற்கும். கருவேல நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, நெட்டித் தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. வசதியுள்ள பையன்கள் இப்போது சுருள் வைத்த தூண்டிலும் ரப்பர் தவளையும் கொண்டுவருகிறார்கள். மீன் கிடைக்காவிட்டாலும் அவர்கள் வருத்தப்படுவதில்லை. பேச்சு இருக்கிறது, பீடி இருக்கிறது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் இருக்கிறது. அதே நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு வாரத்து அழுக்கை ஊறவைத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு ஆணுக்கு விடுமுறை. பெண்ணுக்கு ஆலை மட்டும்தான் விடுமுறை.

எங்கள் ஊரின் பருவமே இதை எடுத்துக்காட்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். சரியாக அந்த நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்யும். வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் வைப்பாற்றிலும் அர்ச்சுனா நதியிலும் தண்ணீர் ஓடும். ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி அணைகளில் நீர் ஏறும். ஊருக்கு ஊர் கண்மாய்கள் பெருகும். வேலை இல்லை, தண்ணீர் இருக்கிறது. இதைவிட ஒரு நல்ல விடுமுறையை இயற்கையே அமைத்துத் தர முடியாது. ஆண்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு அந்த வாரங்கள் குழுக்கடன் தவணைக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்று அலைகிற வாரங்கள்.

நான் தமிழ் கற்பிக்கிறவள். இந்தக் கண்மாய்க் கணக்கு என் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அகநானூற்றின் 216ஆம் பாட்டு, ஐயூர் முடவனார் பாடியது. நாண் கட்டிய மெல்லிய கோலால் மீன் பிடிக்கிறாள் ஒரு பாண்மகள். வரால் மீனைக் கரையில் கொண்டுவந்து போடுகிறாள். நாரால் வடித்த கள்ளைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தன் தகப்பனுக்கு, வஞ்சி விறகில் அந்த மீனைச் சுட்டு வாயில் ஊட்டுகிறாள்.

தூண்டில் பிடித்த பெண் என்றதும் மாணவிகள் முகம் மலர்கிறது. 'அப்பவே பொம்பளைங்க மீன் பிடிச்சிருக்காங்க' என்று பெருமைப்படுகிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். சங்கத் தமிழில் தூண்டில் பெண் கைக்கு அந்நியமானதாக இல்லை. ஐங்குறுநூற்றிலும் பாண்மகள் வராலைக் கொண்டுவந்து கொட்டி, பதிலுக்கு வெண்ணெல் பெறுகிறாள். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிடித்தவள் அவள். சுட்டவள் அவள். ஊட்டியவளும் அவள். அவள் தின்றாளா என்று பாட்டில் இல்லை. தகப்பன் செய்த வேலை குடித்ததும் வாயைத் திறந்ததும். இன்னொன்றும் இருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் இந்தப் பெண் அந்தப் பாட்டின் ஆளே கிடையாது. இப்படிப்பட்ட துறையை உடைய ஊரன் என்று தலைவனுக்குப் போட்ட அடைமொழிக்குள் அவள் இருக்கிறாள். ஒரு பெண்ணின் முழுநாள் உழைப்பும் ஓர் ஆணின் ஊருக்கு அழகு சேர்க்கும் வருணனையாக முடிந்துவிடுகிறது. 'குட்டி ஜப்பான்' என்ற பெயருக்குள் எங்கள் பெண்களின் விரல்கள் இருப்பதும் இப்படித்தான்.

இந்தப் பாட்டை நடத்திய ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "எங்கம்மாவும் தூண்டில் போடும் மேடம். சின்னப் பிள்ளையில."

அந்த அம்மாவை நான் தேடிப்போய்ப் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; அக்கா என்றே கூப்பிட்டேன். இப்போது சரவெடி பின்னுகிறார். அப்பாவோடு கண்மாய்க்குப் போய்த் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். 11 வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போட்டார்கள். கையிலிருந்த கழி போய்க் குச்சி வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசியைப் பற்றி எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்திருந்தது. குழந்தையாக உழைத்தவருக்கு அந்தக் குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தருகிற தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

"எனக்குக் கத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். அவரிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. தீபாவளிக்குப் பிறகு ஆலை மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். எனக்குத் தோழிகள் உண்டு. எல்லாரும் படித்தவர்கள், கூட்டங்களில் சந்திப்பவர்கள். ஒரு வேலையும் இல்லாமல் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல் தோழி இவர்தான்.

விராலுக்கு எப்படிப் போடுவது என்று அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அல்லிக்கொடி ஓரத்தில், ஆழமில்லாத இடத்தில் அது மறைந்து கிடக்கும். மூச்சுவாங்க மேலே வந்து போகும்போது ஒரு குமிழி விடும். அந்த இடத்தைக் கண்ணில் குறித்துக்கொள்ள வேண்டும். சின்னத் தவளையையோ பொடிமீனையோ முள்ளில் கோத்துத் தண்ணீர் மட்டத்தில் துள்ளவிட வேண்டும். கவ்வியதும் இழுத்துவிடக் கூடாது. வாங்கி உள்ளே போக நேரம் கொடுத்து, பிறகு சுண்ட வேண்டும். மேலே செம்மண் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தால் அங்கே முள்ளே போடக் கூடாது. அடியில் பெரியது காவல் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் போச்சு. 'தாய் விரால்' என்றுதான் ஊரில் சொல்வார்கள், தாய்மைக்கு உவமையும் காட்டுவார்கள். உண்மையில் விரால் இனத்தில் குஞ்சு காப்பது தகப்பனின் வேலையும்தான். மீனுக்கு இருக்கிற அந்தப் பொறுப்பையும் நம் ஊர் வாய் தாயின் கணக்கில்தான் எழுதியிருக்கிறது.

"தக்கையப் பாருங்க டீச்சரம்மா, என்னையப் பாக்காதீங்க" என்று இரண்டு முறை அதட்டினார்.

ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகத்தில் உண்மையான பதற்றம். "என்ன தாயி, வீட்டுல எதும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லண்ணே. மீன் பிடிக்கோம்."

அவர் நம்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "யாருக்கு?"

"எங்களுக்குத்தான்" என்றார் அக்கா.

அவர் நல்ல மனிதர். நாங்கள் கண்மாயில் விழப்போகிறோம் என்று பயந்தார். அப்படி விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் கிணற்றிலும் கண்மாயிலும் விழுந்த பெண்கள் பலர் பிறகு தெய்வமாகிக் கரையில் நிற்கிறார்கள். பொங்கல் வைக்கிறோம், சேலை சாத்துகிறோம். செத்தபிறகு கரையில் நிரந்தரமாக இடம் தருகிற ஊர், உயிரோடிருக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார இடம் தருவதில்லை. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அவருடைய இரண்டாவது கேள்வி. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கரையில் போய் 'யாருக்கு மீன் பிடிக்கிறாய்?' என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெண்ணின் கை அசைந்தால் அது யாருக்காகவோதான் அசைய வேண்டும். பாண்மகள் தகப்பனுக்காகப் பிடித்த காலத்திலிருந்து அந்தக் கேள்வி மாறவே இல்லை.

பெண்களைக் கரையிலிருந்து விலக்கிவைக்கும் வேலை நம் ஊரில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 'பாஸ்' என்றொரு ஏரிமீன் உண்டு. நம் விராலைப்போலவே செடிகொடிக்குள் பதுங்கியிருந்து பாய்கிற மீன். அதைத் தூண்டிலில் பிடிப்பது அங்கே பெரிய பணம் புரளும் விளையாட்டு. ரே ஸ்காட் என்பவர் தொடங்கிய அமைப்புதான் அந்தப் போட்டிகளுக்குப் பெரியண்ணன். அதில் பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. சீட்டுக் குலுக்கி, முன்பின் தெரியாத இருவரை ஒரே படகில் நாள் முழுவதும் அனுப்புவது அந்தப் போட்டிகளின் வழக்கம். புதிய துணையாக ஒரு பெண் வந்துவிட்டால் படகிலிருந்து சிறுநீர் கழிப்பது எப்படி? பெண்களை விலக்கிவைக்கச் சொல்லப்பட்ட வாதங்களில் இதுவும் ஒன்று. பெண்கள் 1976இல் தங்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். சுகர் ஃபெர்ரிஸ் என்ற பெண் அதை நடத்தினார். பல ஏரிகள் அரசுக்குச் சொந்தமானவை, பொதுத் தண்ணீரில் பெண்ணுக்குத் தடை போட முடியாது என்ற நெருக்கடி வந்த பிறகே, 1991இல் ஆண்களின் அமைப்பு கதவைத் திறந்தது. அதன் உச்சப் போட்டியில் ஒரு பெண் கலந்துகொள்ள 2009 ஆயிற்று. அவர் பெயர் கிம் பெய்ன்-மூர்.

சிறுநீர் வாதத்தைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். கரையில் மூன்று மணி நேரம் உட்கார முடியாததற்கு முதல் காரணம் அதுதான். ஆண்கள் கருவேல மரத்துப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். பெண்ணுக்கு மறைவு வேண்டும். மறைவான இடத்தில் பயம். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வர வேண்டும். கழிப்பறை கட்டுவதற்குப் பதிலாகப் பெண்ணை வீட்டிலேயே இருக்கச் சொல்வது உலகம் முழுவதும் செலவு குறைந்த ஏற்பாடாக இருந்திருக்கிறது.

அடுத்த வாதம் பாதுகாப்பு. இதைச் சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், அதனால் பதில் சொல்வதும் கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 30 பேருக்கு மேல் செத்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20 பேருக்கு மேல். இடையில் ஒற்றை இலக்கச் சாவுகள் எத்தனையோ, அவை உள்பக்கச் செய்தியோடு முடிந்தன. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதி மீறப்படுவது விபத்துக்குப் பிறகுதான் எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைக்கும்போது பேசாமல் இருந்த சமூகம், அல்லிக்கொடிக்குப் பக்கத்தில் அவள் உட்காரும்போது மட்டும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. கூலி வருகிற ஆபத்தை இந்த ஊர் பொறுத்துக்கொள்ளும். அவளுக்கு மட்டும் சந்தோஷம் தருகிற சின்ன ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளாது.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகத்தை எழுதினார்கள். பெண்கள் காரணமில்லாமல் பொது இடத்தில் சுற்றித் திரியும் உரிமைக்காக வாதாடும் புத்தகம் அது. ஒரு காரணத்தைக் கையில் வைத்திருந்தால்தான் பெண் வெளியே நிற்க முடியும் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மும்பைத் தெருவுக்குப் பொருந்துவது எங்கள் கண்மாய்க் கரைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். கண்மாய் ஊர்ப் பொது. அதன் மண்ணை அள்ளித் தூர்வாரியது யார்? இந்த மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். கரையை உயர்த்திய தலைச்சுமை அவர்களுடையது. அந்தக் கரையில் உட்காருவது மட்டும் ஆண்களுடைய பொழுது. மீன்பாசிக் குத்தகை ஏலம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள், அங்கேயும் கூடியிருப்பது வேட்டிகள்தான்.

கடைசியாக ஒரு வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாத பெண்ணிடம் ஓய்வு பற்றிப் பேசுவது படித்தவளின் சொகுசு என்கிறார்கள். இதைச் சொல்கிற தோழர்களுக்குத் தொழிலாளர் வரலாற்றையே நினைவூட்டுகிறேன். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்குப் பிடித்ததற்கு என்பதுதான் மே தினத்தின் கோரிக்கை. அதை வைத்தவர்கள் பணக்காரர்களா? இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். பிடித்ததற்கு என்ற அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை ஆண் தொழிலாளி ஓரளவாவது பெற்றான். அவன் வீட்டுப் பெண் அதைச் சமையலறையில் கொடுத்தாள்.

எண்களும் இதையே சொல்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்கு 10 நிமிடம் மிச்சமானது என்று மகிழ்வதற்குள், ஆணுக்கும் 9 நிமிடம் மிச்சமாகிவிட்டது. அந்த 9 நிமிடத்துக்கும் அவன் கண்மாய்க்குப் போயிருப்பான்.

தமிழ்நாட்டு அரசு 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியது. இரண்டையும் வரவேற்கிறேன். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதே பெரிய விஷயம். ஆனால் அந்தப் பேருந்தில் அவள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் ரேஷனுக்கும் போகிறாள். அந்தப் பணம் பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் சிலிண்டராகவும் மாறுகிறது. அவளுக்கென்று ஒரு பொழுதை எந்த அரசாணையும் தர முடியாது. வீட்டிலிருந்து அதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

அக்கா பிடுங்கினார். முதல் ஞாயிறு எங்களுக்குக் கிடைத்தவை மூன்று ஜிலேபிக் கெண்டையும் ஒரு கெளுத்தியும். வீட்டுக்குக் கொண்டுபோனதும் வழக்கம்போல அவரே ஆய்ந்து, அவரே குழம்பு வைத்து, எல்லாருக்கும் பரிமாறினார். மிச்சம் மண்டைதான் இருந்தது. அடுத்த ஞாயிறு மீனைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஆய்ந்து தருகிறவர்களுக்குத்தான் மீன் என்று அறிவித்தார். கல்யாண வயதில் இருக்கும் மகன் முனகிக்கொண்டே சாம்பலைத் தொட்டு மீனை உரசினான். வீட்டுக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய் இஞ்சி வாங்கிவந்தார். 'கரையில கெடந்து கருத்துப்போயி வாறா' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆலையில் அலுமினியப் பவுடர் ஏறிக் கையெல்லாம் சாம்பல் பூத்து வந்த வருடங்களில் அவர் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இது புரட்சியா? இல்லை, மீன் குழம்பு. ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டில் பாண்மகள் சொல்லாத ஒன்றை இவர் சொல்லியிருக்கிறார். பிடித்தவள் நான், மீதி வேலையை நீங்கள் செய்யுங்கள் என்பதுதான் அது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கண்மாய்க்கரையிலும் அணைக்கரையிலும் பெண்களுக்குக் கழிப்பறையும் வெளிச்சமும் வேண்டும். மீன்பாசிக் குத்தகையில் பெண்கள் குழுக்களுக்கு முன்னுரிமை வேண்டும். ஏலம் நடக்கும் நாளும் இடமும் குழுக்கூட்டத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஆலை மூடிய வாரங்களுக்கு வாழ்வாதாரத் தொகை வேண்டும். அது இல்லாமல் ஓய்வைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சுத்தான். கூலியை எண்ணிக்கையிலிருந்து நாள் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் நிமிடங்களைக் குழாய்களாக எண்ணும் பழக்கம் ஒரு தலைமுறையிலாவது நிற்கும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இதைப் படிக்கிற மாணவிகளுக்குச் சொல்கிறேன். ஒரு மூங்கில் கழி, பத்து முழம் தங்கூஸ், ஒரு நெட்டித் துண்டு, கொஞ்சம் ஈயம், நாலு முள். எல்லாம் சேர்த்து ஒரு பட்டாசுப் பெட்டி விலைகூட வராது. தனியாகப் போக வேண்டாம். மதகுப் பக்கமும் கலிங்கல் பக்கமும் உட்கார வேண்டாம். அம்மாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிடுங்கள். உங்கள் தெருவிலும், சின்ன வயதில் தூண்டில் போட்டு 11 வயதில் நிறுத்திய ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஞாயிறு இரண்டு பேராகப் போங்கள். ஊர் வேடிக்கை பார்க்கும். நாலாவது ஞாயிறு ஆறு பேராகப் போனால், வேடிக்கை பார்த்தவர்களே நிழலில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.